பழைய கில்னைத் தூக்கிப் போடும் முன்… வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

ஆன் செய்தால் திரையில் எண் வருகிறது. ரிலே ‘டக்’கென்று சத்தம் போடுகிறது. உள்ளே கம்பி சிவக்கிறது. 200, 400, 600… 680 டிகிரி செல்சியஸ் வந்ததும் எண் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தாலும் அதே 680.

என் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறாள். வார இறுதி வந்தால் களிமண்தான். மூடப்போகும் ஒரு ஸ்டுடியோவிலிருந்து பழைய மின்சூளை ஒன்றை வாங்கி வந்து, வீட்டு கார் ஷெட்டின் மூலையில் வைத்திருந்தாள். மூன்றே மாதம். அதற்குள் இந்த 680 பிரச்சினை. அலமாரியில் நாற்பது கிண்ணங்கள் காய்ந்து தயாராக இருந்தன. “டேய், பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?” என்றாள்.

போடவில்லை. ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கோளாறைக் கண்டுபிடித்தோம். சூளை சாகவில்லை, அதில் ஒரு கம்பி மட்டும் அறுந்திருந்தது. ஆனால், பின்தகட்டைக் கழற்றியபோது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கிய நாளிலிருந்து, ஸ்டுடியோ பாட்டரி நம் பக்கத்தில் வேர் பிடித்துவிட்டது. இன்று நகரங்களில் வார இறுதி வகுப்புக்குப் போய் களிமண்ணில் கைவைப்பவர்கள் நிறைய. அடுத்த கட்டம் சொந்தமாக ஒரு கில்ன். புதிது விலை அதிகம் என்பதால் பலரும் செகண்ட் ஹேண்டில் இறங்குகிறார்கள். வாங்கியது மக்கர் செய்தால் என்ன செய்வது? எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது?

கில்னுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பார்க்கப் பயமாக இருந்தாலும், அடிப்படையில் இது ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி. கம்பியில் கரண்ட் போகிறது, கம்பி சூடாகிறது, தேவையான சூடு வந்ததும் கரண்ட் நிற்கிறது. மொத்தம் ஐந்து பாகங்கள்தான்.

• எலிமென்ட்: சுருள் சுருளாக, செங்கல் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கம்பி. சூடு தருவது இதுதான்.

• ஃபயர் பிரிக்: வெள்ளையாக, லேசாக, நுண்துளைகளோடு இருக்கும் செங்கல். சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது.

• தெர்மோகப்பிள்: உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி. வெப்பநிலையை அளப்பது.

• கன்ட்ரோலர்: எண் காட்டும் பெட்டி. எப்போது கரண்ட் வேண்டும், எப்போது வேண்டாம் என்று முடிவெடுப்பது.

• ரிலே அல்லது கான்டாக்டர்: கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு கரண்ட்டைத் திறந்து மூடுவது.

இதில் எலிமென்ட், தெர்மோகப்பிள், ரிலே மூன்றும் பைக்கின் பிரேக் ஷூ மாதிரி. தேய்வதற்காகவே இருப்பவை. பழைய கில்ன் நின்றுபோனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் போயிருக்கும். அதாவது, ‘செத்துப்போச்சு’ என்று விற்கப்படும் பல கில்ன்கள் உண்மையில் சாகவில்லை.

கைவைக்கும் முன் ஒரே ஒரு விதி

பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி கில்ன் மேலேயே வையுங்கள். அப்படி வைத்துவிட்டுச் செய்யக்கூடிய வேலைதான் நம்முடைய வேலை. பிளக் மாட்டியபடி செய்ய வேண்டிய வேலை எதுவாக இருந்தாலும் அது எலெக்ட்ரீஷியனுடையது.

‘சுவிட்சை ஆஃப் பண்ணினால் போதாதா?’ போதாது. பல கில்ன்களில் ரிலே இரண்டு கம்பிகளில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும். சூடு நின்றுபோய், கம்பி கறுத்துக் கிடக்கும்போதும் அதில் 230 வோல்ட் இருக்கலாம். எலிமென்ட் மேல் எந்த உறையும் இல்லை. வெறும் கம்பி. அதை விரலால் தொட்டாலும் ஒன்றுதான், இடுக்கியால் தொட்டாலும் ஒன்றுதான்.

பிளக் இல்லாமல் நேரடியாக வயரிங்கில் இணைக்கப்பட்ட கில்னா? அப்படியென்றால், இணைப்பைத் துண்டித்துக் கொடுப்பதே எலெக்ட்ரீஷியன் வேலை. அதன் பிறகு உங்கள் வேலையைத் தொடங்கலாம்.

அறிகுறியே பாதி விடை

டாக்டர் முதலில் ‘என்ன பண்ணுது?’ என்று கேட்பது போல, கில்னிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

• எதுவுமே எரியவில்லையா? சுவர் பாயின்ட்டில் கரண்ட் வருகிறதா, எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் ஃபியூஸ், கேபிள் என்று ஒவ்வொன்றாக. பத்து ரூபாய் ஃபியூஸுக்காக கில்னை விற்றுவிடாதீர்கள்.

• எண் தெரிகிறது, சூடு மட்டும் வரவில்லையா? ரிலே, கதவு சுவிட்ச், எலிமென்ட் ஆகிய மூன்றில் ஒன்று. கதவைத் திறந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச் சில கில்ன்களில் இருக்கும். அது சரியாக அழுந்தாவிட்டாலும் சூடு வராது.

• சூடு ஏறுகிறது, ஆனால் பாதியில் நிற்கிறதா? ஒரு எலிமென்ட் அறுந்திருக்கலாம், எல்லா எலிமென்ட்டும் பழசாகியிருக்கலாம், அல்லது வீட்டுக்கு வரும் வோல்டேஜே குறைவாக இருக்கலாம்.

• சொன்ன சூட்டில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா? இதுதான் மிக ஆபத்தானது. ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம், இல்லை தெர்மோகப்பிள் பொய் சொல்லலாம். உடனே மெயினை அணையுங்கள்.

• ஆன் செய்ததுமே டிரிப் ஆகிறதா? எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது அதிக லோடு. ஆர்.சி.சி.பி. விழுந்தால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்த கில்னில் செங்கல் ஈரம் குடித்திருந்தாலும் இப்படி நடக்கும்.

எங்கள் கில்னின் 680 மூன்றாவது வகை.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஒன்று போதும்

கில்னின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். எங்களுடையதில் 230 வோல்ட், 3 கிலோவாட் என்று இருந்தது. இந்த இரண்டு எண்கள் போதும்.

வோல்டேஜை வோல்டேஜால் பெருக்கி, வாட்ஸால் வகுத்தால் கம்பியின் மின்தடை கிடைக்கும். 230 பெருக்கல் 230 என்பது 52,900. அதை 3,000-ஆல் வகுத்தால் சுமார் 17.6 ஓம். எங்கள் கில்னில் இரண்டு எலிமென்ட்டுகள் பக்க இணைப்பில் இருந்தன. அப்படியென்றால் ஒவ்வொன்றும் இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது சுமார் 35 ஓம் காட்ட வேண்டும்.

மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, எலிமென்ட்டின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். முக்கியமான விஷயம், அளப்பதற்கு முன் ஒரு முனையின் வயரையாவது கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து எலிமென்ட்டும் சேர்ந்து கணக்கைக் குழப்பும். கழற்றும் முன் போனில் நாலு கோணத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

எங்களுக்குக் கிடைத்த விடை: ஒன்று 37 ஓம். இன்னொன்றில் மீட்டர் அசையவே இல்லை. அறுந்த கம்பி அதுதான். இரண்டு எலிமென்ட்டில் ஒன்று போனால் 3 கிலோவாட் பாதியாகி 1.5 கிலோவாட். அந்தப் பாதி பலத்தில் உள்ளே வரும் சூடும், சுவர் வழியாக வெளியேறும் சூடும் 680 டிகிரியில் சமமாகிவிட்டன. அதற்கு மேல் ஏற வழியே இல்லை.

கம்பி அறுந்தால் மட்டும்தான் பிரச்சினை என்றில்லை. பழசாகப் பழசாகக் கம்பியின் மின்தடை கூடும், அதனால் சூடு குறையும். புதிதாக இருந்தபோது இருந்ததைவிட மின்தடை 10 சதவீதம் கூடிவிட்டால் மாற்றிவிடுவது நல்லது என்பது கில்ன் வைத்திருப்பவர்கள் பின்பற்றும் பொதுக் கணக்கு.

வோல்டேஜையும் மறக்க வேண்டாம். 230-க்குப் பதில் 200 வோல்ட்தான் வருகிறது என்றால், கில்னின் பலம் 13 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 24 சதவீதம் குறையும். தெரு முழுக்க ஏ.சி. ஓடும் மே மாத இரவில் உங்கள் கில்ன் மந்தமாக இருந்தால், கோளாறு கில்னில் இல்லாமலும் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை விட்டு, கில்ன் ஓடும்போது பாயின்ட்டில் வோல்டேஜ் எவ்வளவு என்று ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

‘அதே ஓம்தான் சார்’ – இந்த இடத்தில் ஏமாறாதீர்கள்

கில்ன் எலிமென்ட்டுகளை ஆர்டரின் பேரில் சுற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹீட்டர் காயில் செய்யும் சிறு பட்டறைகள் தொழிற்பேட்டைகளில் உண்டு. பழைய எலிமென்ட்டை எடுத்துக்கொண்டு போனால் அளந்து செய்து தருவார்கள். ஆனால், கம்பி எது, கனம் எவ்வளவு என்று நாமும் கேட்க வேண்டும்.

கில்னுக்குப் பொதுவாகப் பயன்படுவது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகக் கலவை. ‘கான்தல்’ என்ற பெயரில் பலருக்கும் தெரியும். இதை உருவாக்கிய ஸ்வீடன்காரர் ஹான்ஸ் வான் கான்ட்சோவின் பெயரும், ஹால்ஸ்டாஹாமர் என்ற ஊரின் பெயரும் சேர்ந்து வந்த பெயர் அது. இதன் ‘ஏ-1’ ரகக் கம்பி 1,400 டிகிரி வரை தாங்கும். ஹீட்டர், டோஸ்டரில் வரும் நிக்ரோம் நிக்கலும் குரோமியமும் சேர்ந்தது. அதன் எல்லை சுமார் 1,200 டிகிரி. முதல் சுட்ட மண்பாண்டமான பிஸ்குக்கு ஏறத்தாழ 1,000 டிகிரி போதும். ஸ்டோன்வேர் கிளேஸுக்கு 1,220 – 1,240 வரை போக வேண்டும். எலிமென்ட் கம்பி எப்போதும் உள்ளிருக்கும் காற்றைவிடச் சூடாக இருக்கும். அப்படியிருக்க, ஸ்டோன்வேர் சுடுபவர்கள் நிக்ரோம் போட்டால் சீக்கிரமே திரும்பவும் பட்டறைக்குப் போக வேண்டிவரும்.

அடுத்தது கனம். எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 35 ஓம் கிடைக்க, ஏ-1 ரகத்தில் 1.2 மி.மீ. கம்பி என்றால் சுமார் 27 மீட்டர் வேண்டும். 0.8 மி.மீ. கம்பி என்றால் 12 மீட்டர் போதும். விலை குறைவு, சுற்றுவதும் சுலபம். மீட்டரில் வைத்தால் இரண்டும் அதே 35 ஓம். இரண்டும் அதே 1,500 வாட்ஸ்.

ஆனால், அந்த 1,500 வாட்ஸையும் வெளியே தள்ளுவது கம்பியின் மேற்பரப்பு. மெல்லிய கம்பியின் மேற்பரப்பு கனமான கம்பியினுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே கூட்டத்தை மூன்று கதவு உள்ள மண்டபத்திலிருந்தும் ஒரே கதவு உள்ள மண்டபத்திலிருந்தும் வெளியேற்றுவது போலத்தான். மெல்லிய கம்பி தன் சூட்டிலேயே வெந்து, சீக்கிரம் அறுந்துவிடும். அதனால் ‘அதே ஓம்தான் சார்’ என்று சொன்னால், ‘கனமும் அதேதானா அண்ணே?’ என்று கேளுங்கள். பழைய கம்பியின் கனத்தை அளந்துகொண்டு போவது இன்னும் நல்லது.

இன்னொன்று, ஒரு எலிமென்ட் அறுந்திருந்தாலும் முடிந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழசு என்றால் சூடு சமமாக இருக்காது. நாங்களும் இரண்டையும் மாற்றினோம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பழைய கான்தல் கம்பி பலமுறை சூடேறிய பிறகு முறுக்கு மாதிரி ஆகிவிடும். லேசாக வளைத்தால் ‘படக்’. அதனால் அறுந்த இடத்தை முறுக்கி ஒட்டுப்போடலாம் என்ற எண்ணம் வேண்டாம். புதுக் கம்பிதான் வளையும். அதனால் முனைகளை வளைப்பது, பள்ளத்தில் உட்கார வைப்பது எல்லாம் முதல் சூட்டுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

சுருளைச் சீராக இழுத்து, பள்ளத்தின் நீளத்துக்குச் சரியாகக் கொண்டுவாருங்கள். ஓரிடத்தில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம்தான் முதலில் எரியும். மூலைகளில் கம்பி வெளியே துள்ளாமலிருக்க அதே உலோகத்தில் செய்த சின்ன ஊசிகளைச் செங்கல்லில் குத்துவார்கள்.

பின்பக்கத் திருகுகளில் அலட்சியம் கூடாது. தளர்வான திருகு சூடாகும், சூடானது கறுக்கும், கறுத்தது இன்னும் சூடாகும். கில்ன் எரிந்த கதைகள் பலவும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கறுத்த கனெக்டரைச் சுரண்டி மாட்டாதீர்கள், புதிதாகப் பீங்கான் கனெக்டர் போடுங்கள். கறுத்த வயரை வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் இடத்திலிருந்து இணையுங்கள். வீட்டு வயரிங்கில் வரும் சாதா பி.வி.சி. வயர் இங்கே உதவாது. சூடு தாங்கும் கண்ணாடி இழை அல்லது சிலிகான் உறை போட்ட வயர் வேண்டும்.

தூசி விஷயத்திலும் கவனம். ஃபயர் பிரிக் தூளில் சிலிக்கா உண்டு. சில கில்ன்களில் கதவைச் சுற்றிப் பஞ்சு போல செராமிக் ஃபைபர் இருக்கும். மிகப் பழைய கில்ன் என்றால் அட்டை போன்ற பகுதிகளில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் அதைக் கிளறவே வேண்டாம். மற்ற இடங்களில் என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடையுங்கள். வாயால் ஊதுவதும் துடைப்பத்தால் பெருக்குவதும் கூடவே கூடாது.

பொய் சொல்லும் தெர்மோகப்பிள்

இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் சேர்த்து, அந்த முனையைச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் தாமஸ் சீபெக் கவனித்த விளைவு இது. கில்ன்களில் அதிகம் காணப்படும் ‘கே டைப்’ தெர்மோகப்பிள் 1,000 டிகிரியில் தருவது சுமார் 41 மில்லிவோல்ட். இந்தச் சின்ன எண்ணை நம்பித்தான் கன்ட்ரோலர் எல்லா முடிவையும் எடுக்கிறது.

கோளாறு மூன்று வகையில் வரும். ஒன்று, முனை அறுந்துபோவது. பெரும்பாலான கன்ட்ரோலர்கள் திரையில் எரர் காட்டி நின்றுவிடும். இது பரவாயில்லை. இரண்டு, பழசாகி எண் தவறுவது. மூன்று, வயரை மாற்றி மாட்டுவது. இது மோசமானது. பிளஸ், மைனஸ் மாறினால் உள்ளே சூடு ஏற ஏறத் திரையில் எண் இறங்கும். ‘இன்னும் சூடு பத்தலையே’ என்று நினைத்து கன்ட்ரோலர் கரண்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

வயரின் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ், சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். குழப்பமா? ஒரு சின்ன காந்தம் எடுங்கள். கே டைப்பில் காந்தம் ஒட்டும் கம்பிதான் மைனஸ். மாட்டிய பிறகு, சூடு ஏறும்போது எண்ணும் ஏறுகிறதா என்று முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

தெர்மோகப்பிளிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரையும் கையில் கிடைத்த செம்பு வயரால் நீட்டக் கூடாது. அதற்கென்றே உள்ள காம்பன்சேட்டிங் கேபிள் வேண்டும். இல்லாவிட்டால் எண் தவறும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது.

ஒட்டிக்கொள்ளும் ரிலே

ரிலேயோ கான்டாக்டரோ ஒரு ஃபயரிங்கில் நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் உள்ளே சின்னப் பொறி. ஒருநாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கன்ட்ரோலர் ‘நிறுத்து’ என்று சொன்னாலும் கேட்காது. சத்தமே போடாத எஸ்.எஸ்.ஆர். வகை ரிலேயும் கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே கெட்டுப்போகும்.

பழைய கில்ன் வாங்குபவர்கள் ரிலேயைக் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடலாம். மொத்தச் செலவில் அது சின்னத் தொகை. நம்மால் செய்ய முடியாத, ஆனால் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு: முதல் ரிலே ஒட்டிக்கொண்டால் மொத்தக் கரண்ட்டையும் துண்டிக்கும் இரண்டாவது கான்டாக்டர். அது இருந்தாலும், கில்னை ஆன் செய்துவிட்டுப் படுக்கப் போவதோ, படத்துக்குப் போவதோ கூடாது.

பின்தகட்டுக்குள் இருந்த பச்சை வயர்

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். பின்தகட்டைக் கழற்றியதும், கேபிளிலிருந்து வந்த பச்சை வயரின் முனை வெட்டப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி ஓரமாக மடக்கி வைக்கப்பட்டிருந்தது. எர்த் வயர். கில்னின் இரும்புப் பெட்டியோடு அது இணைக்கப்படவே இல்லை.

வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தவர், “ஈரத்துல டிரிப் ஆகியிருக்கும். டிரிப் ஆகுதேன்னு எர்த்தைக் கழட்டி விட்டுட்டாங்க. இத்தனை நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா அது உங்க அதிர்ஷ்டம் தம்பி” என்றார்.

எர்த் இருந்தால், எலிமென்ட் அறுந்து பெட்டியில் பட்டாலும் கரண்ட் அந்தப் பச்சை வயர் வழியாக ஓடி, எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட்டோடு அமைதியாக நிற்கும். அடுத்து அதைத் தொடுபவர்தான் எர்த். மூன்று மாதமாக அக்கா ஈரக் களிமண் கையோடு அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அறுந்த கம்பியின் முனை பள்ளத்தை விட்டு வெளியே வராமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

அன்று நாங்கள் எடுத்த முடிவு, செகண்ட் ஹேண்ட் கில்ன் வாங்கும் எல்லோருக்கும் பொருந்தும். கில்ன் வீட்டுக்கு வந்த அன்றே, ஆன் செய்யும் முன், பிளக்கின் எர்த் பின்னுக்கும் கில்னின் வெறும் இரும்புப் பகுதிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். பெயின்ட் இல்லாத இடமாக, ஒரு திருகின் தலையில் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அந்தக் கில்ன் ஓடக் கூடாது.

சுவர்ப் பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியவை:

• 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில். 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்கெனத் தனி லைன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

• உயிர்காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது டிரிப் ஆனால் காரணத்தைத் தேட வேண்டும், அதையே கழற்றக் கூடாது.

• வீட்டின் எர்த்தே சரியாக இருக்கிறதா என்ற சோதனை.

• எலிமென்ட்டுக்கும் பெட்டிக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று மெகர் கருவியால் 500 வோல்ட் சோதனை. சாதா மல்டிமீட்டர் இதற்குப் போதாது.

• இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை கில்னையும் சேர்த்துத் தாங்குமா என்ற கணக்கு.

முதல் ஃபயரிங்: திரையை மட்டும் நம்பாதீர்கள்

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே கிண்ணங்களை அடுக்கிவிடலாமா? பொறுங்கள். முதலில் காலிக் கில்னை, மேலே உள்ள துளையைத் திறந்து வைத்து, 100 டிகிரிக்குப் பக்கத்தில் சில மணி நேரம் ஓட்டுங்கள். செங்கல்லில் உள்ள ஈரம் போக வேண்டும். பிறகு மெதுவாக 1,050 டிகிரி வரை ஏற்றி ஒரு மணி நேரம் வைத்திருங்கள். புது எலிமென்ட்டின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் உருவாகும். கம்பியின் ஆயுளைக் காக்கும் கவசம் அதுதான். பின்னால் கிளேஸ் சொட்டி கம்பி மேல் பட்டால் அந்தக் கவசத்தைத்தான் அது அரித்துத் தின்னும்.

கில்னைச் சுற்றி ஒன்றரை அடியாவது காலி இடம் விடுங்கள். களிமண் சுடும்போது புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால் காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். படுக்கையறையை ஒட்டிய மூடிய பால்கனி அதற்கான இடம் அல்ல.

அடுத்து, கோன். குறிப்பிட்ட சூட்டில் வளைந்து சாயும் சின்னக் கூம்பு இது. ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் 1886-இல் கொண்டுவந்தது. இன்றும் இதைவிட நேர்மையான சாட்சி கில்னுக்குள் இல்லை. ஏனென்றால், பானை படும் சூட்டை அதுவும் பக்கத்திலேயே நின்று படுகிறது.

காலி ஓட்டத்தின்போது நாங்கள் 07, 06, 05 என்று மூன்று கோன்களை அடுத்தடுத்து வைத்து, முதல் நாள் 1,000 டிகிரியில் நிறுத்தினோம். அந்தச் சூட்டில் 06 வளைய வேண்டும், 05 நிமிர்ந்து நிற்க வேண்டும். மறுநாள் கதவைத் திறந்தால் மூன்றும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. 05 விழ ஏறத்தாழ 1,030 டிகிரி வேண்டும். திரையில் 1,000, உள்ளே அதைவிடக் குறைந்தது 30 டிகிரி அதிகம்.

காரணம் எளிமையானது. தெர்மோகப்பிளின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்காமல், செங்கல் சுவரின் துளைக்குள்ளேயே ஒளிந்திருந்தது. சுவரின் சூட்டை அளந்துவிட்டு, கில்னின் சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓர் அங்குலம் உள்ளே தள்ளினோம். அடுத்த முறை 06 அழகாக வளைந்தது, 05 நிமிர்ந்து நின்றது. ஸ்டோன்வேர் சூட்டில் இப்படி ஏமாந்திருந்தால் ஷெல்ஃப் முழுக்கக் கிளேஸ் ஓடியிருக்கும்.

சரி, இதெல்லாம் லாபமா?

எலிமென்ட்டுகள், கனெக்டர், வயர், ரிலே, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்தும் எங்களுக்கு ஆன செலவு, புது கில்ன் விலையில் ஒரு சிறு பங்குதான். கரண்ட் கணக்கும் பயப்படும்படி இல்லை. 3 கிலோவாட் கில்ன் 8 மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 24 யூனிட். ரிலே விட்டுவிட்டு ஓடுவதால் உண்மையில் அதைவிடக் குறையும். ஆனால், இரண்டு மாத பில்லில் ஸ்லாப் தாண்டினால் கணக்கு மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போது விட்டுவிடலாம்? செங்கற்கள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டால், இரும்புச் சட்டம் துருப்பிடித்து வளைந்துவிட்டால், உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தால். மற்றபடி எலிமென்ட்டும் தெர்மோகப்பிளும் ரிலேயும் போனதற்காக ஒரு கில்னைக் கைவிட வேண்டியதில்லை.

அந்த நாற்பது கிண்ணங்களும் சுட்டு முடிந்தன. இரண்டு மட்டும் விரிந்தன. அது அக்காவின் அவசரம், கில்னின் குற்றம் இல்லை. பின்தகட்டைத் திரும்ப மாட்டும் முன், அதன் உள்பக்கம் மார்க்கரால் தேதியும், இரண்டு எலிமென்ட்டின் ஓம் கணக்கும் எழுதி வைத்தோம்: 35.2, 35.4. அடுத்த முறை அதைத் திறப்பவர், நாங்களோ வேறு யாரோ, தேய்மானம் எவ்வளவு என்பதை அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் கீழே அக்கா தன் கையால் இன்னொரு வரி சேர்த்தாள்: ‘எர்த் இருக்கா, முதல்ல பாரு.’